ரம்மியைத் தடுத்தேன், ரம்மியம் மாட்டிக்கொண்டது

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் நாங்கள் ஒரு சின்ன நாஸ்டர் ரிலே நடத்துகிறோம். நாஸ்டர் ஒரு சமூக வலை முறை, ரிலே அதன் செய்திகளை வாங்கி வைக்கும் செர்வர். அறுபது சொச்சம் பேர். மூலத்தறைக்கு ஆளியாறு தண்ணீர் வந்ததா, தேங்காய் இன்று என்ன விலை, கோபாலபுரம் செக்போஸ்ட்டில் லாரி எதுவரை நிற்கிறது, இப்படித்தான் போகும் பேச்சு. பாதி தமிழ், பாதி மலையாளம். செர்வர் வேலையில் பிழைப்பவன் என்பதால் பராமரிப்பு என் தலையில்.

போன சித்திரையில் உறவுக்கார மாமா ஒருவர் கூப்பிட்டார். "ஏங்கண்ணு, பரம்பிக்குளம் போய் வந்ததப் போட்டா போகவே மாட்டேங்குது. எம் போன்ல ஏதும் கோளாறா?"

"இருங்க மாமா, பாக்கறேன்" என்று ரிலேயின் பதிவேடான லாகைத் திறந்தேன். அவர் எழுதியிருந்தது: "சேத்துமடை வழியா போனோம், ரம்மியமா இருந்துச்சு." அதற்கு முந்தின வாரம்தான் ஆன்லைன் ரம்மி விளம்பரத் தொல்லை தாங்காமல், 'ரம்மி' என்று எங்கே வந்தாலும் தள்ளிவிடச் சொல்லி ஃபில்டரில் எழுதி வைத்திருந்தேன். ரம்மியத்துக்குள் ரம்மி உட்கார்ந்திருப்பது எனக்குத் தோன்றவே இல்லை.

நாஸ்டர் 2020-ல் தொடங்கியது. நடுவில் கம்பெனி கிடையாது. ஆள் என்றால் ஒரு டிஜிட்டல் சாவி, அவ்வளவுதான். அந்தச் சாவியால் கையெழுத்திட்ட செய்தியை ரிலே வாங்கி வைத்து, கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும். சாவி செய்யக் காசும் வேண்டாம், யாரையும் கேட்கவும் வேண்டாம். அதனால் ஒரு விளம்பரக்காரனின் சாவியைத் தடுத்தால், மறு நொடி வேறொன்றோடு வந்து நிற்பான். சாவிகளுக்குத் தடைப்பட்டியல் எழுதி நான் வீணாக்கிய இரவுகளைத் திரும்பக் கேட்க முடியாது.

இன்னொன்று: செய்தியில் ஒரு எழுத்தைத் தொட்டாலும் கையெழுத்து பொருந்தாது. கெட்ட வார்த்தையை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தைப் போடலாம் என்பது இங்கே நடக்காது. வாங்கு, இல்லையென்றால் தள்ளு. அதையும் டேட்டாபேஸில் எழுதுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். எழுதிய பிறகு அது எத்தனை ரிலேக்குப் போயிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

நாங்கள் வைத்திருப்பது ஸ்ட்ஃப்ரை (strfry) என்ற ரிலே மென்பொருள். வருகிற ஒவ்வொரு செய்தியையும் ஒரு வரி ஜேசானாக (JSON என்ற தரவு வடிவம்) நம் ஸ்கிரிப்ட்டிடம் நீட்டும். வாங்கலாம், தள்ளு, வாங்கியதுபோல் காட்டிவிட்டுத் தள்ளு என்று மூன்றில் ஒன்றை ஒரு வரியில் நாம் சொல்ல வேண்டும். முதல் நாள் பைத்தானில் எழுதிப் போட்டேன். ரிலே அப்படியே உறைந்து நின்றது. ஸ்கிரிப்ட் பதில் சொல்லிவிட்டது, அந்தப் பதில் பஃபர் என்ற இடைத்தேக்கத்திலேயே தங்கிவிட்டது. ஒவ்வொரு வரிக்கும் ஃபிளஷ் செய்து உடனே வெளியே தள்ளாவிட்டால் இந்தக் கதிதான். பிழை தேட நாம் போடும் பிரிண்ட் வரிகளும் அதே வழியில் போய்க் கலக்கக் கூடாது. அவை பிழைச்செய்திகளுக்கென்று தனியாக உள்ள எஸ்டிடி-எர்ரருக்கு (stderr) போக வேண்டும்.

வார்த்தை வைத்துத் தடுப்பதில் நம் எழுத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. 'லோன்' என்பதில் வரும் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் அடிக்கலாம், இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, ஸ்கிரிப்ட்டுக்கு வேறு வேறு. ஒப்பிடுவதற்கு முன் யூனிகோடு என்எஃப்சி (NFC) என்ற சீரான வடிவத்துக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகும். சில கில்லாடிகள் எழுத்துக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஜீரோ விட்த் குறிகளைச் செருகுவார்கள். அந்தக் குறி இருந்தாலே தள்ளு என்று ஒரு நாள் விதி போட்டேன். பக்கத்துத் தெரு மலையாள டீச்சர் எழுதியது எதுவும் அன்றைக்கு உள்ளே வரவில்லை. மலையாளத்தில் உயிர் சேராத மெய்களான சில்லெழுத்துகளுக்கு யூனிகோடில் தனி இடம் வந்தது 2008-ல். அதற்கு முந்தின வழக்கில் அவற்றை எழுதவே ஜீரோ விட்த் ஜாய்னர் தேவை, அவர் கீபோர்டு இன்னும் அந்த வழக்கில் இருந்தது. இப்போது ஒப்பிடும் பிரதியில் மட்டும் அந்தக் குறிகளை நீக்கிவிட்டுப் பார்க்கிறேன்.

கடைசியில் வந்து சேர்ந்தது இது: உறுப்பினர் சாவிகளும், உறுப்பினர்கள் பின்தொடரும் சாவிகளும் எழுதலாம், படிக்க யாருக்கும் தடையில்லை. வார்த்தைப் பட்டியலுக்கு வேலை ஏறக்குறைய இல்லாமல் போனது. ஆனால் இதிலும் ஒரு பள்ளம் இருந்தது. நாஸ்டரில் செய்தி வகைகளுக்கு எண் உண்டு; தனிச்செய்தி 1059 என்ற வகையில் உறை போட்டு வரும். உறை மேல் கையெழுத்து அந்த ஒரு முறைக்கென்றே செய்த சாவியுடையது, எந்தப் பட்டியலிலும் இருக்காது. உறையிலுள்ள நேரத்தையும் வேண்டுமென்றே இரண்டு நாள் வரை பின்தள்ளிப் போடுவார்கள். பழைய செய்தி வேண்டாம் என்று விதி வைத்தால் அதுவும் அடிபடும். அந்த வகைக்கு மட்டும் அனுப்பியவரை விட்டுவிட்டு, யாருக்கு என்பதைப் பாருங்கள்.

ஐபி முகவரி வைத்து, செய்தி வரும் வேகத்துக்குக் கட்டுப்பாடு போடுபவர்களுக்கு: மொபைல் நெட்வொர்க்கில் பல பேர் ஒரே ஐபியில்தான் வெளியே வருவார்கள். முன்னால் என்ஜின்எக்ஸ் (nginx) என்ற வாசல் செர்வரை வைத்து, உண்மையான ஐபியை எந்த ஹெடரில் எடுப்பது என்று ஸ்ட்ஃப்ரைக்குச் சொல்லாவிட்டால், ஊரே ஒரே ஆளாகத் தெரியும்.

வாங்கியதுபோல் காட்டித் தள்ளும் வழியை நான் தொடுவதில்லை. விளம்பரக்காரனுக்கு அது சரியாக இருக்கலாம். தவறிச் சிக்கிய நம் ஆள், போய்விட்டது என்றே நம்பிக்கொண்டிருப்பார். மாமா அன்று கூப்பிட்டதே போகவில்லை என்று தெரிந்ததால்தான். தள்ளும்போது காரணம் எழுத இடம் உண்டு, தமிழிலேயே எழுதலாம். சில ஆப்கள் அதைக் காட்டுவதில்லை, என்ன செய்ய.

காலையில் டீக்கு முன்னால், தள்ளிய செய்திகளின் லாகை ஒரு முறை பார்த்துவிடுகிறேன். நேற்று மூன்று வரி. இரண்டு லோன் விளம்பரம். மூன்றாவது, புது போன் வாங்கி, பழைய சாவியைத் தொலைத்துவிட்டு, புதுச் சாவியோடு வந்து நின்ற மாமா.