பிக்சல்: படப்புள்ளியா, படவணுவா?

படம், கூறு ஆகியவற்றுக்கான 'பிக்சர்', 'எலிமென்ட்' என்ற இரு ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி ஒட்டியதே பிக்சல். நிலவுக்கும் செவ்வாய்க்கும் போன கலங்கள் அனுப்பிய படங்களைப் பற்றி 1965-இல் எழுதும்போது, அமெரிக்காவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தைச் சேர்ந்த பிரெட் பில்லிங்ஸ்லி இதை அச்சில் கையாண்டார். கைப்பேசித் திரைக்கு வருமுன்பே விண்வெளியில் புழங்கிய சொல் இது.

தமிழில் படப்புள்ளி, படத்துணுக்கு, படவணு மூன்றும் வழங்குகின்றன. செயற்கைக்கோள் படத்துக்குப் படப்புள்ளி ஒத்துவராது. புள்ளிக்குப் பரப்பு கிடையாது, பிக்சலுக்கு உண்டு. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோளின் 10 மீட்டர் (பக்க அளவு) பிக்சல் என்பது தரையில் 100 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ இரண்டரை சென்ட். அமெரிக்காவின் லேண்ட்சாட் கோளின் 30 மீட்டர் பிக்சல் 22 சென்ட். அதற்குள் வீடு, கிணறு, வரப்பு எது இருந்தாலும் எல்லாம் கலந்து, ஒவ்வொரு நிறப்பட்டைக்கும் ஒரே எண்தான் கிடைக்கும். திரையில் எவ்வளவு பெரிதாக்கினாலும் உள்ளே இருப்பது பிரிந்து தெரியாது. மேலும் பிளக்க முடியாதது என்பதால் படவணுவே சரியான சொல்.

இந்தக் கலப்பு ஏமாற்றும். சேலத்து மேக்னசைட் சுரங்கத்தின் வெள்ளைக் கழிவுமேடு பாதியும் பச்சை மரங்கள் பாதியுமாக ஒரு படவணு அமைவதாகக் கொள்வோம். மேடு சிவப்பொளியில் 50 விழுக்காடும் அகச்சிவப்பில் 55-உம் திருப்பி அனுப்பட்டும். மரம் 4-உம் 40-உம். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது பசுமைக் குறியீடு. மரத்துக்கு மட்டும் 0.82, மேட்டுக்கு 0.05. கலந்ததற்கு நடுவாக 0.43 வரும் என்று தோன்றும்; வருவதோ 0.28. பளிச்சென்ற பரப்பு கணக்கைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது. பாதி மரம் இருந்தும் படத்தில் காய்ந்த புதர்க்காடாகத்தான் தெரியும்.

ஏற்காட்டில் சிக்கல் வேறு. காப்பிச் செடிக்கு மேலே சில்வர் ஓக் கவிந்திருப்பதால் படவணுவில் பெரும்பாலும் பதிவது மரத்தின் உச்சிதான்.

சமவெளியில் சதுரமான ஓர் ஏக்கர் மரவள்ளிக் காட்டுக்குச் சென்டினல்-2 படத்தில் சுமார் 40 படவணுக்கள் அமையும். ஓரத்தில் இருப்பவை வரப்பையும் பக்கத்து நிலத்தையும் சேர்த்தே காட்டும். அதனால் எல்லைக்கோட்டை 10 மீட்டர் உள்ளே தள்ளி வரைந்துகொண்டுதான் பசுமைக் குறியீட்டின் சராசரி எடுக்க வேண்டும். அப்போது படவணுக்களில் பாதிதான் தேறும்.