ஷேட் கார்டை நம்பி நான்கு சுவருக்கும் அடித்துவிடாதீர்கள்

ஹாலுக்கு அடர் நீல பெயின்டா, மஞ்சளா என்று ஒரு வீட்டில் ஒரு வாரம் விவாதம். கடைசியில் மொபைலில் வந்த ஒரு படத்தைப் பார்த்து நீலம் என்று முடிவாகி, நான்கு சுவரும் அடித்து முடித்த அன்று ராத்திரி எனக்கு போன். "சார், ஹாலே இருண்டு கிடக்கு. மஞ்சளே அடிச்சிடலாமா?"

அடிக்கலாம். ஆனால் அடர் நீலத்தின் மேல் மஞ்சள் லேசில் ஏறாது. அழுத்தமான மஞ்சள், சிவப்பு கலக்கும் பேஸில், அதாவது நிறம் சேர்ப்பதற்கு முந்தைய மூல பெயின்டில், வெள்ளை நிறமி குறைவு. அடியில் இருப்பதை மூடாது. மறுபடி பிரைமர், அதன் மேல் இரண்டு, மூன்று கோட். கூலியும் இன்னொரு முறை. இதே கதையை எத்தனை வீட்டில்தான் பார்ப்பது?

ஷேட் கார்டில், அதாவது கடையில் காட்டும் நிற மாதிரி அட்டையில், பார்த்த நிறம்தான் சுவரில் வரும் என்ற நம்பிக்கையை முதலில் விடுங்கள். தீப்பெட்டி அளவுத் துண்டில் சாதுவாகத் தெரியும் மஞ்சள், நான்கு சுவரிலும் ஏறியதும் ஒரு சுவரின் வெளிச்சம் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி, கண்ணை உறுத்தும் அளவுக்கு அழுத்தமாகிவிடும். மொபைல் படம் இன்னும் மோசம். எடுத்த கேமரா ஒரு மாதிரி, உங்கள் திரை ஒரு மாதிரி. கடையில் வெள்ளை விளக்கின் கீழ் பார்த்துவிட்டு, வீட்டில் 2700 கெல்வின் மஞ்சள் பல்பைப் போட்டால் அதே நீலம் மங்கிப்போகும். 6500 கெல்வின் டியூப்லைட்டில் அதுவே வேறு நீலம். மேற்கு ஜன்னல் இருந்தால் சாயங்காலம் இன்னொரு நிறம். ஈரத்தில் பார்த்தும் முடிவு செய்யாதீர்கள். தண்ணீர் கலந்து அடிக்கும் எமல்ஷன் பெயின்ட் காய்ந்தால் ஒரு படி அடர்த்தியாகும்.

சரி, என்ன செய்வது? இரண்டு நிறத்திலும் சின்ன டப்பா வாங்குங்கள். இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட் துண்டு இரண்டு. பிரைமர் அடித்து, ஓரத்தில் வெள்ளை விட்டு, இரண்டு கோட் அடியுங்கள். சுவரிலேயே திட்டாக அடித்துப் பார்க்க வேண்டாம். அந்தத் திட்டின் விளிம்பு பிறகு பெயின்டின் அடியிலும் தெரியும். பழைய நிறமும் பக்கத்திலிருந்து கண்ணைக் குழப்பும். இரண்டு பலகையையும் ஒட்டி வைத்தும் பார்க்காதீர்கள். மஞ்சளுக்குப் பக்கத்தில் சாம்பல்கூட நீலமாகத் தெரியும். ஒன்றை எடுத்து உள்ளே வைத்துவிட்டு மற்றதைப் பாருங்கள். ஜன்னல் பக்கச் சுவரில் ஒரு தரம், எதிர்ச் சுவரில் ஒரு தரம். காலை, சாயங்காலம், அப்புறம் ராத்திரி விளக்கில்.

வெளிச்சம் குறைந்த ஹாலில் நீலம் வேண்டும் என்ற ஆசை விடவில்லையா? ஒரே சுவருக்கு அடியுங்கள், மற்ற மூன்றும் வெளிர் நிறமாக இருக்கட்டும். அந்தச் சுவரில் ஓதம் இருந்தால் அதைச் சரிசெய்யாமல் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். அடர் நிறத்தில் உப்புப் பூத்தால் வெள்ளை வெள்ளையாகத் தெரியும்.

பெயின்டரை நாளைக்கே வரச் சொல்லியிருக்கிறீர்களா? தயவுசெய்து இரண்டு நாள் தள்ளி வரச் சொல்லுங்கள்.