சந்தாவா, வாடகையா, அறுதி விலையா?

என் அக்காள் மகன் பெங்களூரு தொம்லூரில் ஒரு மாடி அறையை அலுவலகமாக்கிக்கொண்டு, இணையக் கடைகளுக்கான செருகுநிரல்களை (பெரிய மென்பொருளில் செருகிக்கொள்ளும் சிறு நிரல்கள், ஆங்கிலத்தில் பிளக்-இன்) எழுதி விற்கிறான். விலைப்பக்கத்தைத் தமிழிலும் வைக்க வேண்டும் என்று ஒருநாள் என்னிடம் வந்தான். "மூன்றே மூன்று பொத்தான்கள்தான் மாமா. மாதாமாதம் கட்டுவது ஒன்று, ஒரே தடவை கட்டுவது ஒன்று, ஆயுள் முழுவதற்கும் ஒன்று. அரைமணி நேர வேலை" என்றான். மூன்று வாரம் ஆயிற்று.

முதல் பொத்தானில் அவனே "சந்தா" என்று எழுதி வைத்திருந்தான். அவனுடைய கூட்டாளி கான்பூர்க்காரர். அந்தச் சொல்லை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "பிள்ளையார் வைக்கவா வசூல்?" என்று சிரித்திருக்கிறார். அவர் சிரித்ததில் நியாயம் உண்டு. இந்தியில் சந்தா என்றால் திருவிழாவுக்கும் கட்சிக்கும் வீடு வீடாகப் போய்த் திரட்டும் நன்கொடை. தமிழில் அது பத்திரிகைக்கும் சங்கத்துக்கும் கட்டுகிற கட்டணம். சொல் ஒன்றுதான். பாரசீகத்தில் "சந்த்" என்றால் சில, எத்தனை என்று பொருள். சிலர் சிறிது சிறிதாகப் போட்டுச் சேர்த்த தொகை "சந்தா" ஆயிற்று. உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. பின்னொட்டான "தார்" என்பதையும் கூடவே கூட்டி வந்ததால் சந்தாதாரர் கிடைத்தார். தாசில்தார், ஜமீன்தார், சந்தாதாரர் மூவரும் ஒரே குடும்பம். (இந்தியில் நிலாவுக்கும் சந்தா என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. அது வடமொழிச் சந்திரனிலிருந்து வந்தது, இதற்கு உறவில்லை.)

ஆக, சொல்லின் வேரில் விலையும் இல்லை, வாடகையும் இல்லை. பலர் கூடி ஒன்றை நடத்திச் செல்வதற்குத் தரும் பங்கு என்பதே அதில் இருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மென்பொருள் விலைப்பக்கங்கள் பாதி பொய் சொல்வது தெரியும்.

ஆங்கிலச் சொல்லின் வேர் வேறு. லத்தீனில் "சப்" என்றால் கீழே, "ஸ்க்ரீபெரே" என்றால் எழுதுதல். ஒரு பத்திரத்தின் கீழே பெயரை எழுதிக் கையொப்பமிடுவது சப்ஸ்கிரைப். புத்தகம் அச்சாவதற்கு முன்பே "நான் வாங்கிக்கொள்கிறேன்" என்று பட்டியலில் பெயர் எழுதிக் கொடுத்த வழக்கத்திலிருந்து இன்றைய பொருள் வளர்ந்தது. நம்மவர்களும் இதைச் செய்தார்கள், அதற்குச் சொல்லும் வைத்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் நூல் அச்சிட முனைந்தவர்கள் முதலில் "கையொப்பம்" திரட்டினார்கள். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தபோதும் இப்படிக் கையொப்பம் வாங்கித்தான் அச்சுச் செலவைச் சமாளித்தார். கையொப்பமிட்டவர் வாங்கியது இன்னும் பிறக்காத ஒரு பொருளை. சந்தா என்ற சொல் பரவியதும் கையொப்பம் வெறும் கையெழுத்தாகச் சுருங்கிவிட்டது. எனக்கு அதில் வருத்தம்தான்.

இனி விற்பவன் கணக்கு. செருகுநிரல் விற்பவர் அடுத்தவர் நிலத்தில் வீடு கட்டியவர். நிலத்துக்காரர் மண்ணைக் கிளறினால் இவர் சுவர் விரிசல் விடும். இணையதளங்களை நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள் 2018 டிசம்பரில் 5.0 பதிப்பை வெளியிட்டுப் பழைய எழுதுபெட்டியைத் தூக்கிவிட்டுக் கட்டங்களால் ஆன புதியதை வைத்தது. அந்தப் பெட்டியை ஒட்டி எழுதப்பட்ட செருகுநிரல்கள் பலவற்றைத் திருத்த வேண்டியதாயிற்று. 2020 நவம்பரில், வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் பிஎச்பி என்ற நிரல்மொழியின் 8ஆம் பதிப்பு வந்தபோது மறுபடியும் அதே வேலை. ஒரு கால்குலேட்டரை விற்றவருக்கு விற்ற அன்றோடு வேலை முடிந்தது. செருகுநிரலை விற்றவருக்கு அன்றுதான் தொடங்குகிறது.

அக்காள் மகன் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினான். ஒரு பேச்சுக்கு, ஒரே முறை விலை 3,000 ரூபாய், ஆண்டுக்கு 200 புதியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு 6 லட்சம் ரூபாய், பதில் சொல்ல வேண்டியது 200 பேருக்கு. ஐந்தாம் ஆண்டிலும் வருமானம் அதே 6 லட்சம். ஆனால் கதவைத் தட்டுகிறவர்கள் 1,000 பேர். புதிதாக வருகிறவர் கொடுக்கும் பணத்தில்தான் பழையவருக்குச் சோறு. புதியவர் வரத்து குறைந்த அன்று அடுப்பு அணையும்.

சரி, ஆண்டுச் சந்தா 1,000 ரூபாய் என்று வைத்தால்? முதல் ஆண்டு 2 லட்சம்தான். ஆண்டுதோறும் பத்தில் ஏழு பேர் புதுப்பிக்கிறார்கள் என்றால் ஐந்தாம் ஆண்டில் சுமார் 555 பேர், ஐந்தரை லட்சம். அப்போதும் ஒரே முறை விலையின் வருமானத்தைத் தொடவில்லை! சந்தா என்றாலே பணம் கொட்டும் என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே 1,000 பேருக்குச் செய்த வேலையை இங்கே 555 பேருக்குச் செய்கிறான்; அந்த 555 பேரும் இந்த ஆண்டு பணம் கட்டியவர்கள். யாருடைய குறையைக் கேட்கிறானோ அவருடைய பணம் அவன் கையில் இருக்கிறது.

இங்கே சந்தா என்ற சொல் அதன் வேருக்கு உண்மையாக நிற்கிறது. வேர்ட்பிரஸ் குனு பொது உரிமம் (ஜிபிஎல்) என்னும் திறந்த உரிமத்தின் கீழ் வருவது. அதற்கான செருகுநிரல்களைப் பணம் கட்டி வாங்கியவர் பெரும்பாலும் எத்தனை காலமும் ஓட்டலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். ஆண்டுதோறும் கட்டுவது புதிய பதிப்புகளுக்கும் உதவிக்கும் மட்டுமே. கட்டாமல் விட்டால் அடுத்த இதழ் வராது, வந்த இதழ்கள் அலமாரியிலேயே இருக்கும். அசல் பத்திரிகைச் சந்தா இதுதான்.

அடோபி நிறுவனம் 2013இல் செய்தது வேறு. அதற்குமுன் பெட்டியில் வைத்து ஒரே விலைக்கு விற்ற ஃபோட்டோஷாப் முதலிய படக்கருவிகளின் புதிய பதிப்புகளை அன்றுமுதல் மாதக் கட்டணத்தில் மட்டுமே தந்தது. கட்டணம் நின்றால் கருவியும் நிற்கும். இதையும் சந்தா என்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பணம் கட்டாத மாதம் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்றால் அதன் பெயர் வாடகை. நல்ல தமிழில் குடிக்கூலி. வாடகை என்றால் மதிப்புக் குறைவு என்று எண்ணி மேலே சந்தா என்ற சட்டையை மாட்டிவிடுகிறார்கள். நிரல் எழுதும் கருவிகளை விற்கும் ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் 2015இல் இதே வழியில் போகப் பார்த்து, நிரலாளர்கள் கூச்சல் எழுப்பியதும் ஒரு திருத்தம் செய்தது: 12 மாதம் கட்டியவர் பிறகு நிறுத்திவிட்டாலும் அந்தப் பன்னிரண்டு மாதத் தொடக்கத்தில் இருந்த பதிப்பு அவருக்கு நிலைத்திருக்கும். அந்தத் திருத்தத்தால் வாடகை மறுபடி சந்தாவுக்குப் பக்கத்தில் வந்தது.

(இரண்டுக்கும் நடுவே பெங்களூர்க்காரர்களுக்கு மூன்றாவது வழி ஒன்றும் தெரியும். வீட்டுக்காரரிடம் சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையே இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது. இங்கே லீஸ் என்பார்கள், தமிழ்நாட்டுப் பத்திரங்களில் போக்கியம், இன்னும் பழைய தமிழில் ஒற்றி. மென்பொருளை ஒற்றிக்கு விட்டவரை நான் கண்டதில்லை.)

இரண்டாவது பொத்தானுக்கு "ஒரே முறைக் கட்டணம்" என்று அவன் எழுதியிருந்தான். பொருள் விளங்குகிறது, ஆனால் மொழிபெயர்ப்பு வாடை அடிக்கிறது. பழைய கிரயப் பத்திரங்களில் இதற்குச் சொல் இருக்கிறது: அறுதிக் கிரயம். அறுதி என்றால் முடிவு. பேச்சு அறுந்தது, இனி நீ கேட்கவோ நான் கொடுக்கவோ எதுவும் இல்லை. கிரயம் வடசொல் என்று தயங்குகிறவருக்கு அறுதி விலை போதும். அந்தச் சொல்லுக்குள் ஒரு எச்சரிக்கையும் உண்டு. அறுதியாக வாங்கியவர் மூன்று ஆண்டு கழித்து "புதிய பதிப்பில் ஓடவில்லையே" என்று வந்தால், விற்றவர் பத்திரத்தைக் காட்டலாம்.

தகராறு மூன்றாவது பொத்தானில்தான். "ஆயுள் சந்தா" என்று போட்டிருந்தான். என் அப்பா ஒரு சிற்றிதழுக்கு ஆயுள் சந்தா கட்டினார். ஏழு இதழ் வந்தது. அதற்குப்பின் அப்பா முப்பது ஆண்டு நலமாக இருந்தார். யாருடைய ஆயுள் என்று ரசீதில் எழுதியிருக்கவில்லை.

ஒரே முறை பணம் வாங்கிக்கொண்டு என்றைக்கும் சேவை செய்வது முடியாத காரியமா? நம் கோயில்கள் செய்து காட்டியிருக்கின்றன. "அந்தி மாட்டிய நந்தா விளக்கின்" என்கிறது பட்டினப்பாலை. நந்துதல் என்றால் குறைதல், அவிதல். நந்தா என்றால் அவியாத. சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இதையே நுந்தா விளக்கு என்கின்றன. ஒரு விளக்கு எரியப் பெரும்பாலும் 96 ஆடுகள், சில இடங்களில் 90. கொடையாளி ஆடுகளை ஒரு முறை கொடுத்துவிட்டுப் போய்விடுவார். இடையர் அவற்றை வைத்துக்கொண்டு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும், சந்திரனும் சூரியனும் உள்ளவரை. கிழடு கழியும், குட்டிகள் அந்த இடத்தை நிரப்பும். மந்தை மட்டும் 96 ஆகவே இருக்கும். அதனால் அதற்குப் பெயரே "சாவா மூவாப் பேராடு". சாகாத, மூப்படையாத ஆடு! மூலதனம் என்பதை இதைவிட அழகாக யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

அறுதியாக வாங்கிய பணத்தை முதலாக வைத்து, அதன் விளைச்சலில் சேவை செய்தால் ஆயுள் என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு. ஆயுள் உரிமம் விற்கும் சிறு நிறுவனங்கள் பல, கையில் காசில்லாத நேரத்தில் அதை விற்று அந்த மாதச் சம்பளத்தைக் கொடுக்கின்றன. ஆட்டை அடித்து விருந்து வைத்துவிட்டு, விளக்குக்கு நெய் எங்கே என்று பிறகு தேடுகிறார்கள்.

தொம்லூர்ச் சொக்கநாதசுவாமி கோயில் அவன் அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரம்தான். அங்கே சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய்க் காட்டினேன். எழுத்துகளைத் தடவிப் பார்த்தவன், "ஆயுள் திட்டத்தை எடுத்துவிடுகிறேன் மாமா. 96 ஆட்டை நான் எந்த மாடியில் கட்டுவது?" என்றான்.

கையொப்பம் மட்டும் வேறு வழியில் திரும்பி வந்திருக்கிறது. ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின், அட்டையில் தானாகப் பணம் எடுக்க வாடிக்கையாளர் முதலில் தனியாக ஒப்புதல் தர வேண்டும். ஒவ்வொரு முறை எடுப்பதற்கும் 24 மணி நேரத்துக்கு முன்பே அவருக்குத் தகவல் போக வேண்டும். குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒப்புதல். அந்த வரம்பு முதலில் 5,000 ரூபாயாக இருந்தது, 2022 ஜூனில் 15,000 ஆயிற்று. மறந்துபோனவர்களின் பணத்தில் நடந்த வியாபாரங்களுக்கு இது கசப்பு மருந்து. அவன் பக்கத்தில் "தானியங்கிப் புதுப்பிப்பு" என்று இருந்ததை அடித்துவிட்டு "கையொப்பம்" என்று எழுதினேன். புரியாது என்று திரும்பவும் மாற்றிவிட்டான். போகட்டும்.

இப்போது பக்கத்தில் இரண்டே பொத்தான்கள். ஒன்று "அறுதி விலை: இந்தப் பதிப்பு உங்களுடையது". மற்றது "ஆண்டுச் சந்தா: புதிய பதிப்புகளும் உதவியும். நிறுத்தினாலும் கையில் உள்ளது ஓடும்". கன்னடப் பக்கத்தை எழுதிய பெண் அவனுடன் வேலை செய்கிறவள், பத்து நிமிடத்தில் முடித்துவிட்டாளாம். கன்னடத்திலும் அது சந்தாதான், கட்டுகிறவர் சந்தாதார.