கருத்தரங்கில் வாசிப்பதற்கு முன்னால் ஒரு போன் பண்ணுங்கள்

கல்லூரிகளுக்குக் காப்புரிமை (பேட்டன்ட்) விண்ணப்பம் எழுதித் தருவதுதான் என் பிழைப்பு. காப்புரிமை அலுவலகத்திலிருந்து முதல் பரிசோதனை அறிக்கை வந்தால் நேராக டி1, டி2 என்று போட்டிருக்கும் பகுதிக்குத்தான் போவேன். "நீங்கள் கேட்பது புதிதில்லை, இதோ பாருங்கள்" என்று பரிசோதகர் தேடி எடுத்து வைத்த பழைய ஆவணங்கள் அவை. சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பொறியியல் பேராசிரியரின் கோப்பில் டி1 ஆக வந்து உட்கார்ந்திருந்தது அவரே எழுதிய கருத்தரங்கக் கட்டுரை. களத்தில் காயும் கொப்பரையின் ஈரப்பதத்தை அளக்கும் கருவி, படம் சர்க்யூட் எல்லாவற்றோடும், நாங்கள் விண்ணப்பம் போட்ட தேதிக்கு 14 மாதம் முன்பே இணையத்தில் இருந்தது.

"என் பேப்பரையே எனக்கு எதிரா வைக்கிறாங்களா சார்?" என்று கேட்டார். வைப்பார்கள். விண்ணப்பத்துக்கு முன்னால் வெளியே வந்துவிட்டால், யார் எழுதியதானாலும் அது பழையதுதான். அவர் சொல்லவில்லை என்பதைவிட நான் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. இப்போதெல்லாம் யார் வந்தாலும் முதல் கேள்வி அதுதான்: எங்கேயாவது வாசித்தீர்களா, தீசிஸ் நூலகத்துக்குப் போய்விட்டதா, கல்லூரி யூடியூப் சேனலில் யாராவது வீடியோ போட்டுவிட்டார்களா? அறிஞர் சங்கங்களில் வாசித்த கட்டுரைக்கு 12 மாதச் சலுகை ஒன்று நம் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அது மிகக் குறுகிய வாசல், அதை நம்பி இறங்காதீர்கள். வாசிப்பதற்கு முன்னால் என்னைப் போன்ற ஒருவருக்கு ஒரு போன் பண்ணிவிடுங்கள்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. மரபணுவை வெட்டி ஒட்டும் முறையை ஸ்டான்ஃபோர்டின் ஸ்டான்லி கோஹனும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹெர்பர்ட் பாயரும் 1973 நவம்பரில் கட்டுரையாக வெளியிட்டுவிட்டார்கள். அடுத்த மே மாதம் பத்திரிகைச் செய்தியைப் பார்த்துத்தான் ஸ்டான்ஃபோர்டின் உரிம அலுவலகத்தை நடத்திய நீல்ஸ் ரைமர்ஸுக்கே விஷயம் தெரிந்தது. அமெரிக்காவில் வெளியிட்ட பிறகும் ஒரு வருட அவகாசம் உண்டு என்பதால், அது முடிய ஏறக்குறைய ஒரு வாரமே இருக்கும்போது, 1974 நவம்பர் 4 அன்று விண்ணப்பம் போனது. மற்ற நாடுகளில் உரிமை கேட்கும் வாய்ப்பு அதற்குள் போயே போய்விட்டது. 1980இல் காப்புரிமை கிடைத்ததும் ரைமர்ஸ் பேராசைப்படாமல், ஒரே ஒரு கம்பெனிக்கு என்று எழுதிக் கொடுக்காமல், 10,000 டாலர் நுழைவுக் கட்டணத்துக்கு யார் வந்தாலும் உரிமம் கொடுத்தார், விற்பனையில் ராயல்டி தனி. 1997இல் காலாவதி ஆவதற்குள் 468 நிறுவனங்கள், சுமார் 25.5 கோடி டாலர்!

ஆய்வகத்திலிருந்து சந்தைக்குப் போனதற்கு நம் ஊரில் உதாரணம் சொல்வதானால் சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரதீப் குழுவின், தண்ணீரிலிருந்து பூச்சிக்கொல்லியை நீக்கும் நானோ வெள்ளி வடிகட்டி. பாட்டில் தண்ணீரில் பூச்சிக்கொல்லி இருக்கிறது என்று 2003இல் நாடே பதறியது ஞாபகம் இருக்கும். வாங்க ஆள் ஏற்கெனவே இருந்த சரக்கு அது. 2007இல் யுரேகா ஃபோர்ப்ஸ் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

நம் கல்லூரிகளில் பலவற்றில் "இதை யார் வாங்குவார்கள்" என்று கேட்பதற்கு முன்னால் "எத்தனை பேட்டன்ட்" என்று கேட்கிறார்கள். கல்லூரிகளுக்கு மத்திய அரசு போடும் என்ஐஆர்எஃப் தரவரிசையில் வெளியான காப்புரிமை விண்ணப்பங்களுக்கும் மதிப்பெண் உண்டு. அதனால் நேராக முழு விண்ணப்பத்தையே போட்டு, கூடவே சீக்கிரம் வெளியிடச் சொல்லிக் கேட்கும் படிவம் 9ஐக் கொடுத்துக் கட்டணத்தையும் கட்டினால், வழக்கமான 18 மாதம் காத்திருக்காமல் ஒரே மாதத்தில் காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வந்துவிடும். வாசலில் பேனர் கட்டிவிடலாம். வெளியானது என்றால் கிடைத்தது என்று அர்த்தமில்லை என்பது பேனர் கட்டியவருக்கும் தெரியும். அடுத்த வருடம் கருவியை மேம்படுத்திப் புதிதாக விண்ணப்பித்தால், இந்த முதல் விண்ணப்பமே டி1 ஆக வந்து நிற்கும்.

கொப்பரைப் பேராசிரியர் இரண்டாவது கருவியோடு வந்தபோது, தேதியை முதலில் பிடித்துவைத்துக்கொள்ளும் தற்காலிக விண்ணப்பம் மட்டும் போட்டோம். கல்விநிலையங்களுக்கு 1,600 ரூபாய்தான். அந்தத் தேதியிலிருந்து முழு விவரம் கொடுக்க 12 மாதம். அதில் ஒரு நாளையாவது ஆய்வகத்துக்கு வெளியே செலவழியுங்கள் என்று சொல்லி, காங்கேயத்தில் ஒரு கொப்பரைக் களத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். களத்துக்காரர் எங்கள் கிராஃபைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கருவியைக் கையில் வாங்கித் தட்டினார், பொலபொலவென்று தூசி கொட்டியது. "இது அடைச்சுக்கிட்டா யாருங்க வந்து தொடைப்பாங்க?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கு விடை சொன்னது பேராசிரியர் இல்லை, கூட வந்த எம்.இ. மாணவன். கருவியை லேசாக அதிரவைத்துத் தானே தூசியை உதறிக்கொள்ளும் ஒரு வலை மூடியை இரண்டு மாதத்தில் செய்துவிட்டான். முழு விண்ணப்பத்தில் "இது எங்களுடையது" என்று உரிமை கோரும் வரிகளில் (கிளெய்ம்) முதலாவதே அந்த மூடிதான், சர்க்யூட் நாலாவதுக்குப் போய்விட்டது. ஆகவே பையன் பெயரும் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் வந்தாக வேண்டும், உரிமையைக் கல்லூரிக்கு மாற்றி எழுத்தில் கையெழுத்தும் போட வேண்டும். அது இல்லாவிட்டால் பிற்பாடு உரிமம் வாங்க வரும் கம்பெனியின் வக்கீல் முதல் கேள்வியிலேயே நம்மை உட்கார வைத்துவிடுவார். பையனுக்கோ பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. ரயில் ஏறுகிற அன்று மத்தியானம் ஸ்டேஷன் பெஞ்சில் வைத்துத்தான் கையெழுத்து வாங்கினோம்.

களத்துக்காரரின் மைத்துனர் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறார். கருவிக்கு 200 ரூபாய் ராயல்டி தருகிறேன், முன்பணம் கேட்காதீர்கள் என்கிறார். கல்லூரி அலுவலகம் மொத்தமாகப் பத்து லட்சம் வேண்டும் என்கிறது. எட்டு மாதமாக அந்தக் கோப்பு நிதி அலுவலர் மேஜையில் இருக்கிறது, நானும் வாரம் ஒரு தடவை போன் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.