வாசித்துக் கற்ற சொற்களும் பிள்ளைகளின் உச்சரிப்பும்

திருகோணமலையில் பேச்சு மொழிச் சிகிச்சையாளராகப் பணிபுரியும் என்னிடம், பேச்சுக் கோளாறு எதுவுமே இல்லாத பிள்ளைகளும் அழைத்து வரப்படுகிறார்கள். நிலாவெளியிலிருந்தும் மூதூரிலிருந்தும் வேலையை விட்டுவிட்டு வரும் பெற்றோரின் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றே: பிள்ளை நிறைய வாசிக்கிறது, நல்ல புள்ளிகளும் எடுக்கிறது, ஆனால் வகுப்பில் ஆங்கிலப் பாடத்தை உரத்து வாசித்தால் சொற்கள் பிழைக்கின்றன, மற்றப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து பிள்ளை வாய்திறப்பதையே குறைத்துக்கொள்வதுதான் எனக்குப் பெருங்கவலை.

காதில் விழாத சொல்லை எழுத்துக்கூட்டித்தான் ஒலிக்க முடியும். தமிழில் அந்த வழி பெரும்பாலும் ஏமாற்றாது. பக்கம், பங்கு, பகல் என்பவற்றில் ககரம் மூன்று விதமாக ஒலித்தாலும் அது நிற்கும் இடமே ஒலியைத் தீர்மானித்துவிடுகிறது. வடசொற்களில் அந்த விதி உதவாது. புண்ணியத்துக்கு எதிரான பாவமும் நடனத்தில் வரும் பாவமும் எழுத்தில் ஒன்றாகவே இருப்பதால், அவற்றின் வேறுபாட்டைக் கேட்டவரே அறிவர்.

ஆங்கிலத்தின் சிக்கல் இதனினும் பெரிது. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவிய காலத்தில் அம்மொழியின் நெடில் உயிரொலிகள் மாறிக்கொண்டிருந்தன. அச்சு எழுத்துக்கூட்டலை மெல்ல மெல்ல நிலைநிறுத்த, பேச்சு தன் போக்கில் மாறிக்கொண்டே சென்றது. சில எழுத்துகளோ ஒருபோதும் ஒலிப்பதற்காக வந்தவையல்ல. நிலாவெளிக் கடலில் உள்ள புறாத்தீவின் ஆங்கிலப் பெயரைப் பலகையில் பார்த்து 'பிஜன் ஐலண்ட்' என்பதற்குப் பதிலாக 'பிஜன் ஐஸ்லண்ட்' என்று வாசிக்கும் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். தீவைக் குறிக்கும் அந்தச் சொல்லின் பழைய வடிவத்தில் சகர ஒலிக்குரிய எழுத்தே இருக்கவில்லை. இலத்தீன் வழிவந்த வேறொரு சொல்லோடு தொடர்புபடுத்திப் பிற்காலத்தவர் அதைப் புகுத்தினார்கள். ஆகவே பிள்ளை கண்ட எழுத்தை விடாமல் வாசித்திருக்கிறது. கவனக்குறைவாக வாசிக்கும் பிள்ளைக்கு அந்தப் பிழை வராது.

சிகிச்சை தேவையா என்பதை அறிய, பிழை எந்தச் சொற்களில் வருகிறது என்றே முதலில் பார்ப்பேன். புத்தகத்தில் மட்டும் கண்ட சொற்கள் பிழைத்து, வீட்டில் கேட்டுப் பழகிய சொற்கள் சரியாக வந்தால் சிகிச்சை வேண்டியதில்லை. அம்மா, அப்பம்மா சொல்லிக் கேட்ட சொற்களிலும் வயதுக்கு மீறி ஒரே ஒலி தொடர்ந்து பிழைத்தால், செவிப்புலப் பரிசோதனையோடு தொடங்க வேண்டும். பழகிய எழுத்துகளையே அடையாளம் காணத் திணறும் பிள்ளைக்கு வாசிப்புத் திறன் மதிப்பீடு அவசியம். இவ்விரண்டையும் "வளர வளரச் சரியாகிவிடும்" என்று தள்ளிப்போடுவது பிள்ளைக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

மற்றப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே வழி உண்டு. பேச்சை இடைமறித்து "பிழை" என்று சொல்லாமல், "ஓம், பிஜன் ஐலண்டுக்கு லீவிலே போவோம்" என்று உங்கள் பதிலிலேயே சரியான ஒலியைக் கேட்கச் செய்யுங்கள். கைத்தொலைபேசி அகராதிகளில் ஒலிபெருக்கிக் குறியை அழுத்திக் கேட்கவும் பழக்கலாம். ஆசிரியர்கள் புதிய பாடத்தை உரத்து வாசிக்கச் சொல்வதற்கு முன்னர், அதிலுள்ள புதிய சொற்களைத் தாமே ஒருமுறை சொல்லி, வகுப்பு முழுவதையும் சேர்ந்து சொல்ல வைத்தால், எந்தப் பிள்ளையும் முதன்முறையாகத் தனித்து நின்று அந்தச் சொல்லைச் சந்திக்க வேண்டியிராது.