ஏழு பேர் எதற்கு மிதிக்கிறார்கள்?

காரிமங்கலத்திலிருந்து பிளஸ் ஒன் மாணவர் ஒருவர் எழுதியிருக்கிறார். "சார், ஜூலை மாசம் போன்ல டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ரேஸ் பார்த்தேன். டீமுக்கு எட்டுப் பேர். ஆனா முதல் இடத்துல இருக்கிறவர் போடுற மஞ்சள் சட்டை ஒருத்தருக்குத்தான். மத்த ஏழு பேரும் மூணு வாரம் எதுக்கு சார் உயிரைக் கொடுத்து மிதிக்கிறாங்க? தனியா ஓட்டினா ஆகாதா?"

ஆகாது தம்பி. காரணம் காற்று. அந்த ஏழு பேரும் முறைவைத்து முன்னால் போய், தங்கள் தலைவர் மேல் படவேண்டிய காற்றைத் தாங்கள் வாங்கிக்கொள்கிறார்கள்.

முதலில் அந்த அணிகளின் ஆண்டு எப்படிப் போகிறது என்று வேகமாகப் பார்த்துவிடுவோம். ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் தொடங்கும். மார்ச், ஏப்ரலில் ஒருநாள் பந்தயங்கள்: மிலான்–சான் ரெமோ, பிளாண்டர்ஸ், கருங்கல் பாவிய பாதையில் பாரிஸ்–ரூபே. மே மாதம் இத்தாலியின் ஜிரோ, ஜூலையில் டூர், ஆகஸ்ட்–செப்டம்பரில் ஸ்பெயினின் வுவெல்டா. இந்த மூன்றும் தலா 21 கட்டங்கள், மூன்று வாரம். ஒரு கட்டம் என்பது ஒரு நாள் ஓட்டம்; எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டி, குறைவாக எடுத்தவருக்கே வெற்றி. அக்டோபரில் லொம்பார்டியாவோடு முக்கியமான பந்தயங்கள் ஓயும். ஒரே வாரத்தில் இரண்டு நாடுகளில் பந்தயம் இருக்கும். மார்ச்சில் பாரிஸ்–நீஸும் இத்தாலியின் திர்ரேனோ–அட்ரியாட்டிக்கோவும் ஒன்றன்மேல் ஒன்று விழும். அதனால் ஓர் அணி முப்பது பேர் வரை வைத்துக்கொண்டு பிரித்துப் பிரித்து அனுப்புகிறது. மூன்று வாரப் பந்தயத்துக்கு 2018 முதல் அணிக்கு எட்டுப் பேர்.

இனி இயற்பியல். காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்பது பாடத்தில் வந்திருக்கும். திறன் என்பது விசை பெருக்கல் வேகம். ஆகவே காற்றைத் தள்ளத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். குனிந்து ஓட்டும் ஒருவருக்கு மணிக்கு 20 கிலோமீட்டரில் காற்றுக்கென்று சுமார் 30 வாட் போதும். 40 கிலோமீட்டரில்? வேகம் இரண்டு மடங்கு, திறன் எட்டு மடங்கு: கிட்டத்தட்ட 250 வாட். டயர் உருள்வதற்கும் செயின் உராய்வுக்கும் இதற்கு மேல் தனிக் கணக்கு உண்டு, ஆனால் சமதரையில் அதெல்லாம் சில்லறை.

இந்த எதிர்ப்பில் பெரும்பகுதி, காற்று தோலில் உரசுவதால் வருவதல்ல. முன்னால் நெஞ்சில் அழுத்தம் கூடுகிறது. முதுகைத் தாண்டிய காற்று உடலை ஒட்டி வளைய முடியாமல் பிய்த்துக்கொண்டு போகிறது. பின்னால் சுழல்கள் நிறைந்த, அழுத்தம் குறைந்த ஒரு பள்ளம் உருவாகிறது. அந்தப் பள்ளம்தான் ஓட்டுபவரைப் பின்னோக்கி இழுக்கிறது. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது நடுவில் கிடக்கும் கல்லுக்குப் பின்னால் ஓர் இலை போகாமல் சுற்றிக்கொண்டே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கல் மறைக்கிற அந்த இடத்தில் நீரோட்டம் செத்துக் கிடக்கிறது. சைக்கிளுக்குப் பின்னாலும் அதே கதைதான். முன்னே போகிறவர் ஏற்கெனவே கொஞ்சம் காற்றைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறார். பின்னால் ஒட்டி வருபவருக்கு எதிர்காற்று குறைந்துவிடுகிறது. ஒரே ஒருவருக்குப் பின்னால் போனாலே எதிர்ப்பில் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

மாங்காய் சீசனில் காவேரிப்பட்டணம் பக்கம் போனால் இதைக் கண்ணால் காணலாம். மாங்கூழ் ஆலைக்குப் பெங்களூரா ரக மாங்காய் ஏற்றிப் போகும் டிராக்டருக்குப் பின்னால் ஒரு பையன், அரசு கொடுத்த சைக்கிளில், மிதிப்பதா வேண்டாமா என்கிற தோரணையில் வருவான். தட்டிப் பலகைக்கும் அவன் முன்சக்கரத்துக்கும் ஒரு முழம்தான் இருக்கும். தார்ப்பாய் நுனி அவன் முகத்துக்கு நேராகப் படபடக்கும், ஆனால் அவன் தலைமுடி அசையாது. இயற்பியல் சரிதான். ஆனால் அந்த டிராக்டரின் பிரேக் விளக்கு எரிகிறதா என்பது அவனுக்கும் தெரியாது, டிரைவருக்கும் தெரியாது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஒருவர் பின்னால் போனால் இவ்வளவு என்றால், நூறு பேர் நடுவில் போனால்? 2018-இல் பெர்ட் பிளாக்கன் என்ற ஆய்வாளரின் குழு இதைக் கணக்கிட்டது. 121 ஓட்டுநர்கள் கொண்ட கூட்டத்தை சூப்பர் கம்ப்யூட்டரில் உருவாக்கினார்கள். பிறகு கால் பங்கு அளவில் 121 பொம்மைகள் செய்து, காற்றை வேகமாக ஓடவிட்டுச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்திலும் வைத்துப் பார்த்தார்கள். கூட்டத்தின் நடுப்பின்பகுதியில் இருப்பவருக்கு, தனியாகப் போகிறவர் வாங்கும் எதிர்ப்பில் வெறும் 5 முதல் 10 சதவீதம்தான். அதாவது கூட்டம் 54 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தாலும், நடுவில் இருப்பவர் உடல் உணரும் காற்று 12 முதல் 17 கிலோமீட்டரில் தனியாகப் போனால் படும் அளவுதான். நம்மூர் தாத்தா சந்தைக்குப் போகும் வேகம்!

சைக்கிள்காரன் முதுகில் காற்று எப்படிப் படுகிறது என்று பார்க்க சூப்பர் கம்ப்யூட்டரா என்று சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். பிளாக்கன் அடிப்படையில் கட்டடங்களைச் சுற்றிக் காற்று ஓடுவதை ஆராய்பவர். உயரமான கட்டடத்தின் அடியில் நடப்பவரைக் காற்று தள்ளுமா, தெருவில் புகை தேங்குமா என்பதற்கும் இதே சமன்பாடுகள்தான். ஓசூரிலிருந்து கூப்பிடு தூரத்தில், பெங்களூரு என்.ஏ.எல். என்ற விமான ஆய்வகத்தில் விமானங்களுக்கான காற்றுச் சுரங்கங்கள் இருக்கின்றன. விளையாட்டுக்கும் நகரமைப்புக்கும் இப்படிப்பட்ட இடங்களில் ஆண்டுக்குச் சில நாள் ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும் என்பது என் நெடுநாள் ஆதங்கம். "இதனால என்ன பயன்?" என்று முதல் பக்கத்திலேயே கேட்கும் விண்ணப்பப் படிவங்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

இதுவரை சொன்னது எதிர்காற்று. எனக்கு மிகப் பிடித்த பகுதி பக்கக் காற்று. அதைக் கற்பனை செய்ய நம் மாவட்டங்களைவிட நல்ல இடம் கிடையாது. கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரிக்கு வரும் நெடுஞ்சாலை ஏறக்குறைய நேர்த்தெற்காக வருகிறது. ஆடியில் காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. போக்குவரத்தை நிறுத்திவிட்டு அந்தச் சாலையில் ஒரு பந்தயம் நடப்பதாக வைத்துக்கொள்வோம். சைக்கிள் வேகம் 40, மேற்குக் காற்று 30. ஓட்டுபவர் உணரும் காற்று எவ்வளவு? பிதாகரஸ் நினைவிருக்கிறதா? மூன்று, நான்கு, ஐந்து. அவர் உணர்வது 50 கிலோமீட்டர் காற்று, அதுவும் நேர் எதிரே இருந்தல்ல, வலப்பக்கம் சுமார் 37 டிகிரி சாய்ந்து.

காற்று சாய்ந்தால், முன்னே போகிறவர் தரும் மறைவும் சாயும். இப்போது முன்னால் போகிறவருக்கு நேர் பின்னால் அந்த மறைவு இல்லை, இடப்பக்கப் பின்புறத்தில் இருக்கிறது. ஆகவே இரண்டாமவர் முதலாமவரின் இடது பின்பக்கம் வருகிறார், மூன்றாமவர் இரண்டாமவரின் இடது பின்பக்கம். சாலையின் குறுக்கே சாய்வாக ஒரு வரிசை விரிகிறது. முன்னால் காற்றை வாங்குபவர் சில நொடிகளில் விலகி வரிசையின் மறைவில் பின்வாங்க, அடுத்தவர் முன்னே வருகிறார். மேலிருந்து ஹெலிகாப்டர் காட்டும்போது விசிறி மாதிரி இருக்கும் என்பார்கள். எனக்கு அது சுழலும் எந்திரமாகத்தான் தெரிகிறது.

இங்கேதான் வம்பு. சாலைக்கு அகலம் என்று ஒன்று இருக்கிறதே! ஏழு மீட்டர் சாலையில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் அந்தச் சாய்வு வரிசையில் இடம் கிடைக்காது. பதிமூன்றாவது ஆள் இடது ஓரத்து மண்ணை உரசிக்கொண்டு, தன் மறைவு சாலைக்கு வெளியே புளியமரத்தடியில் விழுந்து கிடக்க, முழுக் காற்றையும் வாங்குகிறார். அவருக்குப் பின்னால் வருபவர்களும் ஓரத்தில் ஒற்றை வரிசையில் அதே கதி. யாராவது ஒருவர் ஒரு நொடி தளர்ந்தால் இடைவெளி விழும். அதை மூட முன்னே போகிறவர்களைவிட வேகமாகப் போக வேண்டும். 45-லிருந்து 48-க்குப் போக மும்மடிக் கணக்குப்படி ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் திறன் வேண்டும், அதுவும் மறைவே இல்லாமல். முன்னே இருப்பவர்களோ வேலையைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். அறுந்தால் அறுந்ததுதான்.

தம்பி கேட்ட அந்த ஏழு பேர் இங்கேதான் தங்கள் வேலையைக் காட்டுகிறார்கள். சாலை திரும்பிக் காற்று பக்கவாட்டில் விழப்போகும் இடத்தை அணி காலையிலேயே வரைபடத்தில் குறித்து வைத்திருக்கும். அதற்குச் சில கிலோமீட்டர் முன்பே எட்டுப் பேரும் முன்னணிக்கு ஏறிவிடுவார்கள். திரும்பியதும் எட்டு இருக்கைகள் அவர்களுடையவை. மிச்ச இடத்துக்கு நூறு பேர் முட்டிக்கொள்ள வேண்டும்.

2013 டூரின் 13-வது கட்டத்தில் காற்று அடித்தபோது கொண்டடோர் என்ற ஸ்பெயின் வீரரின் அணி முன்னால் சேர்ந்து மிதித்துப் பிளவை உண்டாக்கியது. மஞ்சள் சட்டையில் இருந்த ஃப்ரூம் பின்னால் சிக்கி 1 நிமிடம் 9 நொடி இழந்தார். அதே நாளில் சக்கரம் பழுதான வால்வெர்டே கூட்டத்தைப் பிடிக்க முடியாமல் பத்து நிமிடம் வரை பின்தங்கினார். 2015-இல் பெல்ஜியத்தின் கென்ட்–வெவெல்கெம் பந்தயத்தில் கெரைன்ட் தாமஸைக் காற்று சாலையிலிருந்து தூக்கி ஓரப் பள்ளத்தில் போட்டது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழி அவர்களிடம் இல்லாதது ஆச்சரியம்தான். 2020 டூரில் போகாச்சர் என்ற வீரர் பக்கக் காற்றில் 1 நிமிடம் 21 நொடி இழந்தார். ஆனால் கடைசிக்கு முந்தைய நாள், ஒவ்வொருவரும் தனித்தனியாக ஓட்ட வேண்டிய நேரப் பந்தயத்தில், யார் மறைவும் இல்லாத இடத்தில், அதுவரை முதலிடத்தில் இருந்த ரோக்லிச்சை முந்தி 59 நொடி வித்தியாசத்தில் டூரையே வென்றார்.

இவ்வளவு கணக்குப் போடும் அதே ஓட்டுநர்கள், 13 என்ற எண் கிடைத்தால் முதுகில் ஒட்டும் இரண்டு எண்களில் ஒன்றைத் தலைகீழாகக் குத்திக்கொள்கிறார்கள். கிருஷ்ணகிரியில் புது வண்டிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பவரைக் கேலி செய்யும் நண்பர்கள் இதையும் குறித்துக்கொள்ளவும். எலுமிச்சைக்கும் பிரேக் பேடுக்கும் சம்பந்தமில்லை. தலைகீழ் 13-க்கும் காற்றுக்கும் அதே அளவு சம்பந்தம்தான்.

மலையில் நிலைமை வேறு. வத்தல்மலை மாதிரி ஏற்றத்தில் வேகம் குறைவதால் காற்றின் பங்கு சுருங்கி, உடல் எடைதான் பேசும். மறைவால் லாபம் குறைவு என்பதால் உதவியாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுவிடுவார்கள். கடைசி வரை கூட வரக்கூடியவர்கள் அபூர்வம். செப் குஸ் அப்படிப்பட்டவர். 2023-இல் ஜிரோவில் ரோக்லிச்சுக்கும் டூரில் விங்கேகாருக்கும் உழைத்தார். இருவரும் வென்றார்கள். அதே ஆண்டு வுவெல்டாவில் குஸ்ஸே வென்றார். இரண்டாவது இடம் விங்கேகார், மூன்றாவது ரோக்லிச். மூன்று பெரிய பந்தயங்களையும் ஒரே ஆண்டில் ஒரே அணி வென்றது அதுவே முதல் முறை.

அடுத்த டூரில் சமவெளிக் கட்டம் வந்தால் ஓட்டுநர்களை விட்டுவிட்டுச் சாலையோரக் கொடிகளைப் பாருங்கள். கொடி குறுக்கே பறந்து, ஏதாவது ஓர் அணியின் சட்டை நிறம் திடீரென முன்னால் திரள ஆரம்பித்தால், எழுந்து தண்ணீர் குடிக்கக்கூடப் போகாதீர்கள்.