ரீமாஸ்டரிங் – தமிழில் எப்படிச் சொல்வது?

பழைய இசைத்தட்டு மறுபடி விற்பனைக்கு வந்தால் உறைமேல் ‘ரீமாஸ்டர்டு’ என்று போட்டிருக்கும். மாஸ்டர் என்பதன் வேர் லத்தீன் ‘மாகிஸ்தெர்’: தலைவர், ஆசான். நம்மூர்ப் பள்ளிக்கூட மாஸ்டர், டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர் எல்லாரும் அந்தப் பரம்பரைதான். ஒலிப்பதிவுத் தொழிலில், படிகள் எல்லாம் எதிலிருந்து எடுக்கப்படுகின்றனவோ அந்த மூலப்பதிவுக்கு மாஸ்டர் என்று பெயர். பழைய பதிவைக் கொண்டு அந்த மூலத்தைப் புதிதாக ஆக்குவது ரீமாஸ்டரிங்.

இதில் என்ன வேலை இருக்கிறது என்பதற்கு வில்ஹெல்ம் ஃபுர்ட்வெங்லரின் (1886–1954) பதிவுகளைப் பார்க்கலாம். பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை மேடையில் நின்று நடத்திய கண்டக்டர். போர்க்காலத்தில் அவருடைய கச்சேரிகளை ஜெர்மன் வானொலி காந்த நாடாவில் பதிந்தது. 1940இல் அந்த வானொலியின் பொறியாளர் வால்டர் வெபர் கண்டறிந்த முறையால் நாடாவின் இரைச்சல் வெகுவாக அடங்கியிருந்தது. அந்தக் காலத்துக்கு அது அபாரமான தரம். 1945இல் சோவியத் படை பெர்லினைப் பிடித்ததும் நாடாக்களில் பல மாஸ்கோ போயின. அவை திரும்பத் தொடங்கியது 1987இல்தான். 2019இல் ஃபில்ஹார்மோனிக்கே அந்தப் பதிவுகளை 22 வட்டுகளாக வெளியிட்டது.

மூலத்தைக் கவனமில்லாமல் படியெடுத்தால் என்ன ஆகும்? 1944 டிசம்பரில் வியன்னாவில் அவர் நடத்திய பீத்தோவனின் மூன்றாம் சிம்பொனியை, அமெரிக்காவின் யுரேனியா நிறுவனம் 1953இல் இசைத்தட்டாக்கியது. நாடா வேகம் பிசகிச் சுதி ஏறிவிட்டது. வேகம் கூடினால் சுதி மட்டுமா, காலப்பிரமாணமும் சேர்ந்து கெடும். ஃபுர்ட்வெங்லர் வழக்கே போட்டார். பின்னால் அதைச் சீர்செய்தவர்கள் முதலில் சுதியை இறக்கி உரிய இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது.

தமிழில் ‘மறுசீரமைப்பு’ என்கிறார்கள். எனக்கு அது கடன் மறுசீரமைப்பையும் மாவட்ட மறுசீரமைப்பையும்தான் நினைவூட்டுகிறது. ‘புதுப்பித்தல்’ இன்னும் ஆபத்து. இங்கே புதிதாக எதையும் பூசக் கூடாது. சிதைந்த பகுதியைச் சரிக்கட்டுவதை மட்டும் குறிக்க ‘ஒலி மீட்பு’ போதும். முழு வேலைக்கும் ‘ஒலிச்செம்பதிப்பு’ என்பேன். செம்பதிப்பு செய்யும் சுவடிப் பதிப்பாசிரியர் கிடைத்த படிகளை ஒப்பிட்டு, பாடபேதம் பார்த்து, ஏட்டைப் படியெடுத்தவரின் பிழையை நீக்குவார். புலவரின் சொல்லில் கை வைக்க மாட்டார். ஒலிக்கும் அதே நெறிதான். கிடைத்த நாடாக்களில் மூலத்துக்கு மிக நெருங்கியதைத் தேர வேண்டும், வேகத்தைத் திருத்த வேண்டும், கீறல் சத்தத்தை எடுக்க வேண்டும். இரைச்சலை அடியோடு துடைக்கப் போனால் வயலின்களின் மினுமினுப்பும் அரங்கின் கார்வையும் கூடவே போய்விடும். கச்சேரி கேட்டவர்களின் இருமல் இருந்துவிட்டுப் போகட்டும்.

வாக்கியத்தில் எழுதினால்: ‘1942இல் ஃபுர்ட்வெங்லர் பெர்லினில் நடத்திய ஒன்பதாம் சிம்பொனிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஒலிச்செம்பதிப்புகள் உண்டு.’ பழைய பாட்டின் சத்தத்தை மட்டும் ஏற்றிவிட்டு உறையை மாற்றி விற்பதற்கு இந்தச் சொல் வேண்டாம். ‘மறுவெளியீடு’ என்றாலே தாராளம்.